துரையடுப்பின் விரிசல்

திருமயம் கோட்டைக்குக் கீழே, காரைக்குடி பஸ் வந்து நிற்கிற புளியமரத்துக்கு எதிரே ரெங்கராஜின் ரொட்டிக்கடை இருந்தது. முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை, பின்னால் ஓடு வேய்ந்த ஓர் அறை, அவ்வளவுதான் கடை. ஆனால் அந்த ஓட்டறைக்குள் இருந்த அடுப்பைப் பார்க்கப் போய் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். கறுகறுவென்று யானைக்குட்டி நிற்கிற மாதிரி நிற்கும். நாலு காலும் சிங்கப் பாதம். முகப்பிலே கொடியும் பூவுமாக வார்த்த வேலைப்பாடு. இடது பக்கம் விறகு எரிகிற நெருப்புப் பெட்டி, வலது பக்கம் ரொட்டி வேகிற பெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு இரும்புச் சுவர், மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய். ஊரில் அதற்குத் துரையடுப்பு என்று பேர்.

புதுக்கோட்டைச் சீமைக்கு ரயில் பாதை போட்ட காலத்தில், அந்த வேலையைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு ரெங்கராஜ் சமையல்காரனாக இருந்தான். வேலை முடிந்து துரை கப்பலேறியபோது சாமான்களை எல்லாம் ஏலம் போட்டார்கள். நாற்காலி போனது, கண்ணாடி போனது, நாய்கூடப் போனது. இந்த அடுப்பை மட்டும் தூக்க ஆளில்லாமல் எவனும் கேட்கவில்லை. துரைசானி ரெங்கராஜைக் கூப்பிட்டு, நீயே எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாள். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது வழியில் அச்சு முறிந்து, அடுப்பு ஒரு பகல் முழுக்க நடுரோட்டில் உட்கார்ந்திருந்ததாம். அதைப் பெருமையாகச் சொல்லுவான்.

மாவு பிசைவது ரெங்கராஜ். பனங்கள் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, மாவு உப்பி வரும்வரை பக்கத்திலேயே இருப்பான். நெருப்பு அவன் சம்சாரம் அமிர்தவல்லியின் கையில். எந்த விறகு சீக்கிரம் எரியும், எது கங்கு நின்று எரியும், ரொட்டிப் பெட்டிக்குள் கையை விட்டு எத்தனை மூச்சு தாங்கினால் சூடு சரி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளையில்லாத வீடு. அந்த அடுப்பைச் சுற்றியே அவர்கள் பொழுது போனது.

ரொட்டியை ஊரார் ருசிக்காகச் சாப்பிட்டது குறைவு. காய்ச்சல் கண்டவனுக்குத்தான் ரொட்டி. ஆஸ்பத்திரி டாக்டர் நாடி பார்த்துவிட்டு, பாலில் ரொட்டியை நனைத்துக் கொடு என்பார். உடனே ஒரு ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரெங்கராஜ் கடைக்கு ஓடி வருவான். அதனால் அடைமழை ஓய்ந்து குளிர்காய்ச்சல் பரவுகிற நாட்களில்தான் அடுப்புக்கு ஓய்வே இருக்காது.

அப்படி ஒரு கார்த்திகையில்தான் ரொட்டியில் புகை நாற ஆரம்பித்தது.

முதலில் சொன்னவர் பஸ் கண்டக்டர் வீரய்யா. ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டவர், மென்றுகொண்டே யோசித்தார். "ரெங்கராசு, கோவிச்சுக்காதப்பா. இத எங்கிட்டாவது கருவாடு சுட்ட எடத்துல வச்சிருந்தியா?"

ரெங்கராஜ் கள்ளின் மேல் பழி போட்டான். அடுத்த நாள் வேறு மரத்துக் கள் வாங்கினான். புகை நாறியது. மாவு மூட்டையில் ஈரம் என்றான், வெயிலில் காயவைத்தான். புகை நாறியது. விறகு பச்சை என்றான். அது அமிர்தவல்லிக்குச் சுருக்கென்று பட்டது. அவள் அடுக்கி வைத்த கருவேல விறகு இரண்டு கோடை கண்டது. ரொட்டிப் பெட்டியின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். இடது பக்கம் மூக்கைக் கொண்டுபோனால் நெடி ஏறியது, வலது பக்கம் இல்லை. இடது மூலையில் வைத்த ரொட்டிதான் அதிகமாகக் கருகியும் இருந்தது.

நடுச்சுவரில்தான் என்னவோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. எப்படிப் பார்ப்பது? உள்ளே கரி அப்பிக் கிடக்கிறது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறையின் சன்னலைச் சாத்தி, ஓட்டிடுக்கு வெளிச்சத்துக்கும் ஒரு சாக்கைப் போட்டு மறைத்துவிட்டு, ஓர் அகல் விளக்கைக் கொளுத்தி ரொட்டிப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினாள். அடுத்த பக்கம் வந்து, ஆறிக் கிடந்த நெருப்புப் பெட்டிக்குள் தலையை நீட்டினாள்.

இருட்டுக்குள் ஒரு ஒளி நூல் தெரிந்தது. சுவரின் மேல் விளிம்பிலிருந்து கோணலாக இறங்கி, பாதி வழியில் நின்றிருந்தது. மயிரிழைதான். ஆனால் அத்தனை கரிக்கும் நடுவே அது மஞ்சளாக மின்னியது, அழகாகக்கூட இருந்தது. அவள் சாம்பலில் முழங்கை ஊன்றியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்கிட்டு வந்து பாருங்க."

ரெங்கராஜ் பார்த்தான். வெளியே தலையை எடுத்தபோது அவன் நெற்றியில் கரி, முகம் வெளிறியிருந்தது. சாமான் ஒன்று உடைந்தால் வருகிற கோபம் இல்லை அது. வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனதைக் கேட்டவன் மாதிரி இருந்தான். அந்தக் கலவரத்தில்தான் அவன் வாய் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"அன்னைக்கு நீ ஊத்துன தண்ணிதான்."

ஐப்பசி மழையில் ஒரு நாள் நெருப்புப் பெட்டிக் கதவு சரியாகத் தாழ் விழாமல், எரிகிற கட்டை ஒன்று வெளியே உருண்டு கொட்டகைக் கீற்றைப் பிடித்துவிட்டது. ரெங்கராஜ் கடைவீதிக்குப் போயிருந்தான். அமிர்தவல்லி ஒரு குடத்தைக் கீற்றின் மேல் ஊற்றினாள், இன்னொரு குடத்தைத் திறந்திருந்த அடுப்பின் வாயிலேயே ஊற்றினாள். புஸ்ஸென்று அறையெல்லாம் ஆவி. கடை பிழைத்தது. அன்றைக்கு அவன் அவளைப் பாராட்டினான். இன்றைக்கு அதே தண்ணீர் குற்றமாகிவிட்டது.

"ஊத்தலைன்னா கடை இருந்திருக்காதுங்க," என்றாள்.

"அடுப்பு இருந்திருக்குமுல்ல."

அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. மாவு ரெடி என்பதை அவன் தட்டை ணங்கென்று வைத்துச் சொல்லுவான், சூடு ரெடி என்பதை அவள் கதவைத் திறந்துவைத்துச் சொல்லுவாள். தன்னால்தானோ என்று அவளுக்குள்ளும் இருந்தது. அதுதான் அதிகமாகக் குடைந்தது. இரும்பு எதற்காக உடையும்? மண்சட்டி உடையும், கண்ணாடி உடையும். இரும்பு வளையும், தேயும், துருப்பிடிக்கும். உடைந்து அவள் பார்த்ததில்லை.

இதைக் கேட்கக் கொல்லுப்பட்டறைக்குப் போனாள்.

ஆண்டியப்பன் ஆசாரிக்குக் கோட்டை வாசல் பக்கம் பட்டறை. ஏர்க்கொழு அடிப்பார், வண்டிப் பட்டை போடுவார், அரிவாள் தீட்டுவார். துரையடுப்பைத் தொட்டுப் பார்க்க வெகுநாளாக ஆசை அவருக்கு. ரெங்கராஜ் யாரையும் தொட விடமாட்டான். அமிர்தவல்லி வந்து சொன்னதும் பழுக்கக் காய்ந்த இரும்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிட்டார்.

அடுப்பைச் சுத்தியலின் காம்பால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். எல்லாப் பக்கமும் கணீரென்றது, நடுச்சுவரில் மட்டும் கீறல் விட்ட பானை மாதிரி சொத்தென்று இருந்தது.

"இது நம்ம அடிக்கிற இரும்பு இல்ல தங்கச்சி. வார்ப்பு. உருக்கி ஊத்துனது. கரும்பாலை உருளை இதுலதான் வரும். காய்ச்சி அடிச்சு ஒட்டலாம்னு பாத்தா தூள் தூளாப் போயிரும்."

"அப்ப என்ன அண்ணே செய்யிறது?"

"தெரியல," என்றார் ஆசாரி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லை. திருவிழாவில் புதுச்சாமானைப் பார்த்தவர் மாதிரி இருந்தார். "கழட்டிப் பாப்பமா?"

ரெங்கராஜ் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். துரையின் வீட்டில்கூட அதைக் கழற்றி அவன் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், புகை நாறும் ரொட்டிகள் கூடையில் அப்படியே கிடப்பதைப் பார்த்தான். மண்ணெண்ணெய் போத்தலை எடுத்து வந்து ஆசாரியிடம் கொடுத்தான். துருவேறிய மரைகள் ஊற வேண்டும்.

நடுச்சுவரை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்து வைத்தபோது விரிசல் நன்றாகத் தெரிந்தது. ஆசாரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பட்டி போடுவது. ஓர் இரும்புத் தகட்டை வெட்டி, விரிசலை மூடுகிற மாதிரி வைத்து, இரண்டு பக்கமும் துளைபோட்டு போல்ட்டு முடுக்குவது. துரப்பணத்தை வில்லில் பூட்டித் துளைக்க ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தி, குனிந்து, துளையிலிருந்து விழுந்ததை உள்ளங்கையில் வாங்கினார்.

"இங்க பாரு. நம்ம இரும்பத் தொளைச்சா சுருள் சுருளா வரும். இது மொளகுத்தூளு."

அமிர்தவல்லி அதில் விரலைத் தொட்டு, வெள்ளையடித்த கடைச் சுவரில் தேய்த்தாள். பென்சிலால் இழுத்த மாதிரி சாம்பல் நிறக் கோடு விழுந்தது. இருவரும் அந்தக் கோட்டை மாறி மாறிப் பார்த்தார்கள். இரும்புக்குள் கரியா?

பட்டி போட்டார்கள். ஆசாரி தன் பலமெல்லாம் கொடுத்து மரையை முடுக்கினார். இடுக்குகளில் புற்றுமண் குழைத்து அடைத்தார்கள். முதல் சூட்டில் ரொட்டி புகை நாறாமல் வந்தது. ரெங்கராஜ் ஒரு ரொட்டியை ஆசாரி வீட்டுக்கே கொடுத்தனுப்பினான். அங்கே அவர் சம்சாரம் மூக்காயி குளிர்காய்ச்சலில் கிடந்தாள். கஞ்சியைக் கண்டாலே குமட்டுகிறது, ரொட்டியை நனைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது என்று ஆசாரி சொல்லியிருந்தார்.

அடுத்த வாரமே 'டக்' என்று ஒரு சத்தம். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லிக்கு அது நெஞ்சுக்குள் கேட்டது. நெருப்பை இழுத்துப் போட்டு, ஆறியபின் கழற்றிப் பார்த்தால், பட்டி அப்படியே இருந்தது. போல்ட்டு இருந்த துளையிலிருந்து சுவரின் விளிம்புவரை ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருந்தது. பழைய விரிசலும் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

ரெங்கராஜ் மறுநாளே ரயிலேறித் திருச்சிக்குப் போனான். பெரிய இரும்புக்கடைகளில் விசாரித்தான். சீமையிலிருந்து தருவிக்க வேண்டும், எந்தக் கம்பெனி அடுப்பு என்று தெரிந்தால்தான் அதுவும், கப்பலில் வந்துசேர ஆறு மாதமோ ஒரு வருஷமோ என்றார்கள். ஒருவன் அடுப்பைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். ரெங்கராஜ் திரும்பி வந்து, கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, யாரைப் பார்த்தும் இல்லாமல் அதைச் சொன்னான்.

"வெள்ளிக்கிழம வண்டி கொண்டு வர்றானாம்."

அன்று பிற்பகல் அவன் அசந்து தூங்கியபோது, அமிர்தவல்லி கடைக்குப் போய், பட்டியில்லாமல் அந்தச் சுவரை அடுப்புக்குள் திரும்பப் பொருத்தினாள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு கை பிடித்தார். நெருப்பு மூட்டினாள். ரொட்டி சுடுவதற்கில்லை. வெறும் ரொட்டிப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, உள்ளே விரிசலைப் பார்ப்பதற்கு.

பார்க்கப் பார்க்க அதற்கு உயிர் வந்தது. குளிர்ந்திருந்தபோது மயிரிழை. நெருப்பு பிடிக்கப் பிடிக்க, மேல் விளிம்பில் மெல்ல வாய் திறந்தது. உள்ளே எரியும் தீ அந்த இடுக்கு வழியே சிவப்பாகத் தெரிந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி நுழைத்துப் பார்த்தாள். உள்ளே போனது. நெருப்பை அணையவிட்டு, காத்திருந்து, இன்னொரு குச்சியை நுழைத்தாள். போகவில்லை. முதலில் நுழைத்த குச்சி கருகிப்போய், விரிசலின் பல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டு நின்றது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, அது சூட்டுல வாயத் தொறக்குது. ஆறுனா மூடிக்கிருது. தெனமும் தொறந்து தொறந்து மூடுது."

ஆண்டியப்பன் ஆசாரி துருத்திக் கயிற்றை விட்டுவிட்டார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டையைக் காய்ச்சி மாட்டுகிறவர் அவர். காய்ந்தால் இரும்பு பெருக்கும், ஆறினால் சுருங்கும் என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. இருந்தும் விரிசலை அவர் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்ப நான் முடுக்குனதுதான் தப்பு," என்றார் மெதுவாக. "அது தொறக்கணும்னு நிக்கிது, நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். போக எடமில்லாம வேற பக்கம் பிச்சுக்கிருச்சு."

"தொறந்தாத் தொறக்கட்டும். பொகைய மட்டும் விடக்கூடாது."

ஆசாரி தரையில் கரித்துண்டால் ஒரு படம் போட்டார். தகட்டில் வட்டத் துளைக்குப் பதிலாக நீளத் துளை. போல்ட்டு அதற்குள் இங்கிட்டும் அங்கிட்டும் நகரலாம். முடுக்குவது தகடு அசையாத அளவுக்கு மட்டும், இறுக்கமாக அல்ல. இரண்டு பேருக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. விரிசல் நாளுக்கு நாள் கீழே இறங்குகிறதே, அதை எப்படி நிறுத்துவது? அதற்கு ஆசாரியிடம் படமில்லை.

அமிர்தவல்லி வீட்டுக்கு வந்தபோது வாசல்படியில் ரெங்கராஜின் செருப்பு கிடந்தது. திருச்சிக்குப் போட்டுக்கொண்டு போன தோல்செருப்பு. அதைத் தாண்டப் போனவள் நின்றாள். கட்டைவிரல் நுழைகிற வார் தோலில் ஒரு பிளவு வெட்டியிருந்தது. பிளவு முடிகிற இடத்தில் உளி வைத்துத் தட்டின மாதிரி ஒரு வட்டத் துளை. அவள் குனிந்து அதைக் கையில் எடுத்தாள்.

"இந்த ஓட்டை எதுக்குங்க?"

இத்தனை நாளுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது. ரெங்கராஜ் எழுந்து உட்கார்ந்தான். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெண்டாட்டி நிற்பதைக் கண்டு ஒரு கணம் பயந்துதான் போனான்.

"கிழியாம இருக்கத்தான். கத்தி வச்ச கீறல அப்படியே விட்டா இழுக்க இழுக்க ஓடிக்கிட்டே இருக்கும். முடிவுல வட்டமா ஒண்ணப் போட்டா அங்கன நின்னுரும். தைக்கிறவன் சொன்னான்."

"ஏன் நிக்கிது?"

"அதச் சொல்லல."

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே மறுபடி பட்டறைக்குக் கிளம்பினாள். ரெங்கராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வெறுங்காலோடு அவள் பின்னாலேயே நடந்தான்.

ஆசாரி செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் வேறு, இரும்பு வேறு என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கிழிகிறதென்னவோ ரெண்டும் ஒரே மாதிரிதான் கிழிகிறது என்றார். மூவரும் கடைக்கு வந்து சுவரைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். விரிசலின் நுனி எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூள் தூவினாள் அமிர்தவல்லி. உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையின் மேல் ஈரக்கோடாக எழுந்தது. கோடு முடிந்த இடத்துக்கும் சற்றுத் தள்ளி ஆசாரி குறி வைத்தார்.

துளை போட்டு முடித்தபின், பெயர்ந்துபோன சில்லின் பக்கத்தில் புதுத் தகடு உட்கார வேண்டிய இடத்தை அரத்தால் ராவிச் சமப்படுத்தினார். ராவிக்கொண்டே வந்தவரின் அரம் ஓரிடத்தில் பள்ளம் கண்டு நொடித்தது. ஊதித் துடைத்துப் பார்த்தார். விரிசல் புறப்படுகிற மேல் விளிம்பில், இரும்பின் உடம்புக்குள்ளேயே, சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு ஒரு குழி. மேலே மெல்லிய தோல் மூடியிருந்ததால் இதுவரை தெரியவில்லை. உள்ளே வழவழவென்று இருந்தது.

"இதென்ன, புழு அரிச்ச மாதிரி?" என்றார் ஆசாரி. "இரும்புல புழு உண்டா?"

ரெங்கராஜ் அவரைத் தள்ளிக்கொண்டு குனிந்தான். விரலை விட்டுத் தடவினான். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

"புழு இல்ல. குமிழி."

"என்னது?"

"மாவுல காத்து நின்னுபோச்சுன்னா வெந்த ரொட்டிய அறுக்கும்போது உள்ள இப்படித்தான் குழி இருக்கும். வழவழன்னு. இது உருக்கி ஊத்துனதுன்னு சொன்னீங்கள்ல? ஊத்தும்போதே காத்து நின்னுருக்கு. வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்கிருச்சு." அவன் நிமிரவில்லை. குழியைப் பார்த்தே பேசினான். "அறுக்கும்போது ரொட்டியும் அந்தக் குழி இருக்கிற எடத்துலதான் முதல்ல பிய்யும்."

ஏதோ ஒரு தேசத்தில், யாரோ ஒருவன் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிய நாளில் அடைபட்ட காற்று. கப்பலேறி, வண்டியேறி, நடுரோட்டில் ஒரு பகல் உட்கார்ந்து, இந்த அறைக்கு வந்து இத்தனை வருஷம் ரொட்டி சுட்டிருக்கிறது. அமிர்தவல்லிக்கு அதை நினைக்க வியப்பாக இருந்தது. அந்தக் குழிக்குள் அவளும் விரலை விட்டுப் பார்த்தாள். ரெங்கராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவது போல உள்ளே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வண்டியோடு வந்தபோது, புதுத் தகடு ஏறிவிட்டிருந்தது. நீளத் துளையில் போல்ட்டுகள், போல்ட்டின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஆசாரி வெட்டிய வட்ட வில்லைகள். மண்ணடைப்பில்தான் அமிர்தவல்லி மாற்றம் செய்திருந்தாள். வெறும் புற்றுமண் காய்ந்தால் வெடிக்கிறது என்று, சாம்பலும் அரத்தில் ராவி உதிர்ந்த இரும்புத்தூளும் கலந்து உப்புத்தண்ணீரில் குழைத்திருந்தாள். வண்டிக்காரனிடம் ரெங்கராஜ் போய்ப் பேசினான். அடுப்பு விற்பனைக்கு இல்லை என்று அவன் சொன்னது உள்ளே கேட்டது. வண்டிக்காரன் சத்தம் போட்டதும், அவனுக்கு டீயும் பழைய பன்னும் கொடுத்து ரெங்கராஜ் சமாதானம் செய்ததும் கேட்டது.

நெருப்பை அவள் அவசரப்படாமல் ஏற்றினாள். முதலில் சுள்ளி, பிறகு சிறு கட்டை. கருவேலத்தைக் கடைசியில்தான் வைத்தாள். ஆசாரி ரொட்டிப் பெட்டிக்குள் தலையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். சூடு தாங்காமல் தலையை எடுப்பார், மறுபடி விடுவார்.

"தொறக்குது," என்றார். "தகடு நகருது. போல்ட்டு இங்கிட்டு வந்துருச்சு. தங்கச்சி, நீ வந்து பாரு."

அவள் பார்த்தாள். துளைக்குள் போல்ட்டு ஒரு நெல்லளவு நகர்ந்திருந்தது. புகை வரவில்லை. விரிசலின் நுனியில் போட்ட துளை, மண்ணடைத்த சிறு வட்டமாக, அசையாமல் இருந்தது.

முதல் சூட்டு ரொட்டியில் பாதி கெட்டுப்போனது. தகடு போட்ட பக்கம் இப்போது சூடு மந்தம், எதிர்ப்பக்கம் அதிகம். முன்பு கருகிய மூலையில் மாவு வேகாமல் வெளுத்திருந்தது, முன்பு நன்றாக வெந்த மூலை கருகியது. பாதி வேக்காட்டில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்று அமிர்தவல்லி அடுத்த சூட்டிலேயே கண்டுகொண்டாள். அந்த ரொட்டி சரியாக வந்தது. ஆசாரி அதில் இரண்டை முண்டாசுத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் மூக்காயியிடமிருந்து சேதி வந்தது: ரொட்டி இறங்கியதாம், ஆனால் உப்புப் போதாதாம். நாக்குக்கு ருசி தெரிகிறதென்றால் காய்ச்சல் விட ஆரம்பித்துவிட்டது என்று ரெங்கராஜ் சொன்னான்.

கடை சாத்தியபின் அவன் கருகிப்போன பன்கள் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்தான். ஒன்றைப் பிட்டு, கருகாத பாதியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"தண்ணியால இல்ல," என்றான்.

அமிர்தவல்லி மென்றாள். மாவில் கலந்த வெல்லத்தின் இனிப்பும் கருகலின் கசப்பும் சேர்ந்து வந்தது.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. குழியும் இருந்துச்சு, நான் தண்ணியும் ஊத்துனேன். குழி இல்லன்னா தண்ணி தாங்கியிருக்கும். தண்ணி இல்லன்னா குழி எத்தனை வருசம் தாங்கியிருக்குமோ. ரெண்டுல எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் சொன்னது தப்புத்தான்கிறேன்."

"அது தப்புத்தான்," என்றாள் அவள். "கடை எரியும்போது நீங்க இருந்தாலும் ஊத்தியிருப்பீங்க."

அவன் தலையாட்டினான். அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே இரும்பு சுருங்கும் சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்டன. முன்பெல்லாம் அந்தச் சத்தங்கள் காதில் விழுந்ததே இல்லை. இப்போது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது புகைக்குழாய்," என்றான் ரெங்கராஜ்.

"இல்ல, மேல்தட்டு," என்றாள் அமிர்தவல்லி. எழுந்து போய் அடுப்பின் மேல் காதை வைக்கப் போனவள், சூட்டுக்குப் பயந்து கொஞ்சம் தள்ளி நின்று கேட்டாள்.